செல்போனைத் திறக்க யார் கையெழுத்து வேண்டும்?



போன மாதம் ஒரு தொகுப்புக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சேமிப்பு வசூல் முடிந்து, கடன் தவணை எழுதி, தீர்மான நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்த நேரம். பின்வரிசையில் இருந்த ஒரு அக்கா, "மேடம், ஒரு விஷயம் கேக்கணும். ஆனா நோட்டுல எழுத வேண்டாம்" என்றார்.

அவருடைய மகன் கோயில் திருவிழாத் தகராறு பற்றி வாட்ஸ்அப்பில் ஏதோ ஸ்டேட்டஸ் வைத்துவிட்டான். சிம் கார்டு அம்மா பேரில் இருக்கிறது. ஸ்டேஷனிலிருந்து வந்தவர்கள் மகனை விசாரித்ததோடு நிற்காமல் அக்கா கையிலிருந்த போனையும் வாங்கிக்கொண்டார்கள். "பேட்டர்ன் போடும்மா" என்றார்கள். பயந்துபோய் போட்டுக் கொடுத்துவிட்டார்.

"அதுல நம்ம குழு வாட்ஸ்அப் இருந்துச்சு, பேங்க் மெசேஜ் இருந்துச்சு. அது போகட்டும் மேடம். என் தங்கச்சிய அவ வீட்டுக்காரரு அடிச்சப்போ, முதுகுல இருந்த காயத்த போட்டோ எடுத்து எனக்கு மட்டும் அனுப்பியிருந்தா. அதையும் நாலு பேரு மாத்தி மாத்திப் பாத்தாங்க. இத நான் அவகிட்ட எப்படிச் சொல்லுவேன்?"

ஒன்பது நாள் கழித்துப் போன் திரும்பி வந்தது. வாங்கியதற்கும் ஒரு துண்டுச் சீட்டு இல்லை, கொடுத்ததற்கும் இல்லை.

யாரும் பேசவில்லை. அப்போது இன்னொரு அக்கா எழுந்தார். இவருடைய மகள் லோன் ஆப்பில் நாலாயிரம் ரூபாய் வாங்கி, கட்டத் தாமதமானதால், அவள் படத்தை அசிங்கமாக மாற்றி போனில் இருந்த எல்லா நம்பருக்கும் அனுப்பிவிட்டார்கள். "நான் ஸ்டேஷனுக்குப் போனா, நம்பர் வெளிநாடு காட்டுது, ஆளு யாருன்னு தெரியலன்னு சொல்றாங்க. போலீசு நெட்டுக்குள்ள பாக்கக் கூடாதுன்னா என் பொண்ணுக்கு யாரு பதில் சொல்றது?"

இரண்டு அக்காவும் சொன்னது நியாயம்தான். எனக்கு அங்கேயே பதில் சொல்லத் தெரியவில்லை. நான் படித்தது சமூகப்பணி, சட்டம் அல்ல. "தெரிஞ்சுக்கிட்டு வந்து சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். பிறகு வக்கீல்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வாரண்ட் என்பது இரண்டாவது கையெழுத்து

நம் குழு வங்கிக் கணக்கை நினைத்துப் பாருங்கள். தலைவி எவ்வளவு நல்லவராக இருந்தாலும் தனியாகப் போய் பணம் எடுக்க முடியாது. இன்னொருவர் கையெழுத்து வேண்டும், கூட்டத்தில் தீர்மானம் வேண்டும், எதற்கு எவ்வளவு என்று அதில் எழுதியிருக்க வேண்டும். தலைவியைத் திருடி என்று நினைத்தா இப்படி வைத்தோம்? இல்லை. கேட்கிறவரும் அனுமதி கொடுக்கிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்பதற்காக வைத்தோம்.

சோதனை வாரண்டும் அதே மாதிரிதான். வீட்டைச் சோதனை போட வேண்டும் என்று கேட்பது போலீஸ். என்ன குற்றம், எந்த வீடு, எதைத் தேடுகிறீர்கள் என்று விசாரித்து எழுத்தில் அனுமதி கொடுப்பது நீதிபதி. அந்தச் சின்ன வீட்டுக்கே இந்தக் காவல் என்றால், நம் கையில் இருக்கும் போனுக்கு என்ன காவல்? வீட்டுப் பீரோவில் இல்லாதது எல்லாம் இன்றைக்குப் போனில் இருக்கிறது. உலகம் முழுக்க நடக்கிற வாதம் இதுதான்.

கையில் இருக்கும் போன்

முதலில் முதல் அக்காவின் கேள்வி. நம் நாட்டில் போனை எடுக்க எப்போதும் நீதிபதியின் வாரண்ட் வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. இதைத் தெரிந்துகொள்வது நல்லது. சிலர் "வாரண்ட் இல்லாம தொடவே முடியாது" என்று தைரியம் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள், அங்கே போய் நாம்தான் மாட்டிக்கொள்கிறோம்.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அதன் 94-வது பிரிவு, விசாரணைக்குத் தேவையான ஆவணத்தையும், மின்னணுச் சாட்சியம் இருக்கக்கூடிய போன் போன்ற கருவியையும் கொண்டுவந்து கொடுக்கும்படி கேட்கும் அதிகாரத்தை நீதிமன்றத்துக்கும் தருகிறது, ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரிக்கும் தருகிறது. ஆனால் அதிகாரி கேட்டால் எழுத்து மூலமான உத்தரவாகத்தான் கேட்க வேண்டும். அவசரத்தில் வாரண்ட் இல்லாமல் சோதனை போட 185-வது பிரிவு இருக்கிறது. அதிலும் ஏன் அவசரம் என்று காரணத்தை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும், அதன் நகல் மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும். சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுக்க வேண்டும் என்கிறது 105-வது பிரிவு. பறிமுதல் செய்த பொருளுக்குப் பட்டியல் எழுதி, சாட்சி கையெழுத்து வாங்கி, அதன் நகலை வீட்டுக்காரருக்குக் கொடுக்க வேண்டும்.

அதாவது வாரண்ட் இல்லாத வழி உண்டு. காகிதம் இல்லாத வழி கிடையாது. அந்த அக்காவுக்கு நடந்தது காகிதமே இல்லாதது.

பேட்டர்ன், பாஸ்வேர்டு விஷயம் இன்னும் முடிவாகவில்லை. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி குற்றம் சாட்டப்பட்டவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 20(3). பாஸ்வேர்டு சொல்வதும் அப்படிச் சாட்சி சொல்வதுதானா என்பதில் நீதிமன்றங்கள் வேறு வேறு விதமாகச் சொல்லியிருக்கின்றன. கர்நாடக உயர் நீதிமன்றம் 2021-ல் ஒரு வழக்கில், பாஸ்வேர்டு கொடுப்பது சாட்சி சொல்வது ஆகாது என்றது. அதே தீர்ப்பில், போனுக்குள்ளே சோதனை போடுவதற்கு, அவசரக் காரணம் இல்லாவிட்டால், நீதிமன்றத்தின் வாரண்ட் வாங்க வேண்டும் என்றும் சொன்னது. டெல்லியில் ஒரு சிறப்பு நீதிமன்றம் 2022-ல், பாஸ்வேர்டைக் கேட்டுக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்த அக்கா குற்றவாளியும் இல்லை, சந்தேக நபரும் இல்லை. சிம் அவர் பேரில் இருந்தது, அவ்வளவுதான். நம் ஊரில் பெண்கள் பேரில் சிம் எடுத்து ஆண்கள் வைத்திருப்பதும், ஒரே போனை வீடே பயன்படுத்துவதும் சகஜம். மகன் மீதான விசாரணையில் தங்கச்சியின் முதுகுக் காயம் வெளியே வந்தது இப்படித்தான்.

கம்பெனியிடம் இருக்கும் கணக்கு

போனைத் தொடாமலே நம்மைப் பற்றித் தெரிந்துகொள்ளலாம். யாரிடம் எத்தனை மணிக்கு எவ்வளவு நேரம் பேசினோம், எந்த டவர் பக்கத்தில் இருந்தோம், நெட்டுக்குள் எந்த எண்ணில் போனோம் என்ற கணக்கு எல்லாம் கம்பெனியிடம் இருக்கிறது. பேசிய பேச்சு இருக்காது. ஆனாலும் ஒரு மாத டவர் கணக்கை வைத்துக்கொண்டு, ஒரு பெண் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாள், எந்த வக்கீலைப் பார்த்தாள், ராத்திரி எந்த ஊரில் தங்கினாள் என்று சொல்லிவிடலாம்.

அமெரிக்காவில் இதற்கு ஒரு வழக்கு நடந்தது. கடைகளில், அதிலும் செல்போன் கடைகளில், கொள்ளையடித்த கூட்டத்தில் ஒருவருடைய 127 நாள் டவர் கணக்கை போலீஸ் வாரண்ட் இல்லாமல் வாங்கிவிட்டது. அவர் இருந்த இடங்களாக 12,898 குறிப்புகள் அதில் இருந்தன. 2018 ஜூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், இதற்கு வாரண்ட் வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. ஒன்பது நீதிபதிகளில் ஐந்து பேர் ஒரு பக்கம், நாலு பேர் மறுபக்கம். அவ்வளவு இழுபறியான விஷயம்.

கனடாவில் நடந்தது இன்னும் சுவாரசியம். 2012 பிப்ரவரியில் அங்கே அரசு ஒரு மசோதா கொண்டுவந்தது. இன்டர்நெட் வாடிக்கையாளரின் பெயர், முகவரி போன்ற விவரங்களை வாரண்ட் இல்லாமலே போலீஸ் கம்பெனியிடம் வாங்கலாம் என்றது அது. எதிர்த்தவர்களைப் பார்த்து அப்போதைய அமைச்சர் விக் டோஸ், ஒன்று எங்களோடு நில்லுங்கள், இல்லாவிட்டால் குழந்தைகளை ஆபாசப் படம் எடுப்பவர்களோடு நில்லுங்கள் என்கிற மாதிரி பேசிவிட்டார். ஜனங்களுக்குக் கோபம் வந்துவிட்டது. கேள்வி கேட்டாலே குற்றவாளியோடு சேர்த்துவிடுவதா? ஒரு வருடத்தில், 2013 பிப்ரவரியில், அரசே மசோதாவைக் கைவிட்டது. பிறகு 2014-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும், இணைய எண்ணுக்குப் பின்னால் இருக்கும் ஆளின் விவரத்தைக் கேட்க போலீசுக்கு நீதிமன்ற அனுமதி வேண்டும் என்று சொல்லிவிட்டது. அந்த வழக்கு குழந்தைகளின் ஆபாசப் படம் சம்பந்தப்பட்டதுதான். ஆனாலும் அந்தச் சாட்சியத்தை நீதிமன்றம் தள்ளிவிடவில்லை, வழக்குக்கு எடுத்துக்கொண்டது. இனிமேல் வாரண்ட் வாங்குங்கள் என்றது.

நம் நாட்டில் இந்தக் கணக்குகளுக்கு நீதிபதி அனுமதி தேவையில்லை. போலீஸ் அதிகாரி எழுதிக் கேட்டால் கம்பெனி கொடுக்கிறது.

நேராக ஒட்டுக்கேட்பது

மூன்றாவதுதான் பெரியது. பேசும்போதே கேட்பது, அனுப்பும்போதே படிப்பது. இதற்கான சட்டம் 1885-ல், தந்தி காலத்தில், வெள்ளைக்காரன் போட்டது. பொது நெருக்கடி அல்லது பொதுப் பாதுகாப்பு என்ற காரணம் இருந்தால் அரசு தந்தியை இடைமறிக்கலாம் என்றது அது. தந்தி போனது, போன் வந்தது, சட்டம் அதேதான். அரசியல்வாதிகளின் போன் ஒட்டுக்கேட்கப்பட்ட விவரம் வெளிவந்து, மக்கள் சிவில் உரிமைக் கழகம் வழக்குப் போட்டது. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: போனில் பேசுவது அந்தரங்கம், காரணம் இல்லாமல் கேட்கக் கூடாது. உத்தரவை மத்திய அல்லது மாநில உள்துறைச் செயலாளர்தான் போட வேண்டும். இரண்டு மாதம் செல்லும், நீட்டித்தாலும் ஆறு மாதத்துக்கு மேல் கூடாது. அதிகாரிகள் குழு ஒன்று உத்தரவுகளைச் சரிபார்க்க வேண்டும்.

நீதிபதியிடம் முன் அனுமதி வாங்க வேண்டும் என்று வழக்குப் போட்டவர்கள் கேட்டார்கள். அதற்குச் சட்டத்தில் இடம் இல்லை என்று நீதிமன்றம் அதை மட்டும் ஏற்கவில்லை. அப்போது இங்கிலாந்தின் 1985-ஆம் ஆண்டுச் சட்டமும் எடுத்துக்காட்டப்பட்டது. அங்கேயும் அன்றைக்கு அமைச்சர் கையெழுத்துதான். ஆனால் இங்கிலாந்து 2016-ல் சட்டத்தை மாற்றி, அமைச்சர் கையெழுத்துப் போட்டாலும் நீதித்துறை ஆணையர் ஒருவரும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று வைத்துவிட்டது. நாம் அதே இடத்தில்தான் இருக்கிறோம். 2023-ன் தொலைத்தொடர்புச் சட்டம் பழைய தந்திச் சட்டத்தின் இடத்துக்கு வந்தது, 2024 டிசம்பரில் அதற்கு ஒட்டுக்கேட்பு விதிகளும் வந்தன. கையெழுத்து இன்னும் உள்துறைச் செயலாளருடையதுதான்.

இன்டர்நெட்டுக்கு வேறு சட்டம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-வது பிரிவு. 2008-ல் திருத்தி, 2009 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. இதில் கதவு இன்னும் அகலம். போனுக்குச் சொன்ன பொது நெருக்கடி, பொதுப் பாதுகாப்பு என்ற நிபந்தனை இதில் இல்லை. எந்தக் குற்றத்தின் விசாரணைக்காகவும் உத்தரவு போடலாம் என்று இருக்கிறது. உத்தரவுக்கு ஒத்துழைக்காத கம்பெனிக்காரருக்கு ஏழு வருடம் வரை ஜெயில். 2018 டிசம்பர் 20-ல் மத்திய உள்துறை, பத்து அமைப்புகளுக்கு இந்த வேலைக்கான அதிகாரம் உண்டு என்று அறிவித்தது. சி.பி.ஐ., வருமான வரித் துறை, டெல்லி போலீஸ் கமிஷனர் எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள்.

நம் வங்கிக் கணக்கு உதாரணத்துக்கு வருவோம். போலீஸ் இருப்பது உள்துறையின் கீழ். அனுமதி கொடுப்பவர் உள்துறைச் செயலாளர். சரிபார்க்கும் குழுவில் இருப்பவர்களும் அரசுச் செயலாளர்களே. தலைவி கேட்டு, அவருடைய நாத்தனார் கையெழுத்துப் போட்டு, ஓரகத்தி ஆடிட் பார்க்கிற கதை. மூவரும் நேர்மையானவர்களாகவே இருக்கலாம். ஆனால் வெளி ஆள் ஒருவர்கூட இல்லை.

எவ்வளவு உத்தரவு என்று கேட்டால் தலை சுற்றும். முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணா தலைமையிலான குழு 2018-ல் கொடுத்த அறிக்கையில் இருக்கிறது: இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கூடும் சரிபார்ப்புக் குழு ஒவ்வொரு கூட்டத்திலும் 15,000 முதல் 18,000 உத்தரவுகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது. நம் கூட்டமைப்பில் நாற்பது கடன் விண்ணப்பம் பார்ப்பதற்குள் சாயங்காலம் ஆகி, கடைசி பத்தை அவசரமாகப் பார்க்கிறோம் அல்லவா?

இடையில் 2017 ஆகஸ்ட் 24-ல் பெரிய தீர்ப்பு ஒன்று வந்தது. உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். அதில் அரசு தலையிடலாம், ஆனால் சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், தேவைக்கு மேல் போகக் கூடாது. இந்த அளவுகோலை நம் சென்னை உயர் நீதிமன்றமே பயன்படுத்தியது. ஒரு லஞ்ச வழக்கில் 2011-ல் போட்ட ஒட்டுக்கேட்பு உத்தரவை 2025 ஜூலையில் ரத்து செய்துவிட்டது. லஞ்சம் குற்றம்தான், ஆனால் அது சட்டம் சொல்லும் பொது நெருக்கடி அல்ல, சரிபார்ப்புக் குழுவின் முன்பும் வைக்கவில்லை என்று காரணம் சொன்னது.

போலீஸ் தரப்பில் என்ன சொல்கிறார்கள்?

அவர்கள் சொல்வதையும் கேட்க வேண்டும். ஆன்லைன் மோசடியில் பணம் சில நிமிடத்தில் பல கணக்குக்கு மாறிவிடுகிறது. குழந்தையைக் கடத்தினால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். நீதிபதியிடம் மனு எழுதிக் கொடுத்துக் காத்திருந்தால் ஆள் தப்பிவிடுவான், கோர்ட்டில் ஏற்கெனவே வழக்கு குவிந்து கிடக்கிறது, ரகசியமும் கசியும். நான் பேசிய ஓய்வுபெற்ற ஒரு காவல் அதிகாரி, "நீங்க சொல்ற தப்பு நடக்குது, ஒத்துக்கறேன். அதுக்காக எங்க கையக் கட்டிட்டா நஷ்டம் உங்களுக்குத்தான்" என்றார்.

இதில் உண்மை இருக்கிறது. ஆனால் அவசரத்துக்கு வழி ஏற்கெனவே இருக்கிறது. இப்போதைய விதிகளிலேயே, அவசரம் என்றால் மாநிலத்தில் ஐ.ஜி. நிலை அதிகாரி முதலில் ஆரம்பிக்கலாம், ஏழு வேலை நாளுக்குள் ஒப்புதல் வாங்க வேண்டும். அந்த ஒப்புதலை உள்துறைக்குப் பதில் ஒரு நீதிபதி கொடுக்கட்டும் என்பதுதான் கேட்கிறவர்களின் கோரிக்கை. எனக்கும் இதுதான் சரி என்று படுகிறது. 2024-ல் தெலங்கானாவில், அனுமதி இல்லாமல் ஒட்டுக்கேட்டு ஆதாரங்களை அழித்ததாகக் குற்றம் சாட்டி போலீஸ் அதிகாரிகளையே கைது செய்தார்கள். அந்த வழக்கின் முடிவு எப்படியானாலும், உள்ளேயே சரிபார்த்துக்கொள்வது போதாது என்று அதைப் பார்த்தாலே தெரியும்.

லோன் ஆப் அக்காவின் மகள் விஷயத்துக்கு வருகிறேன். அங்கே போலீசுக்கு அதிகாரம் குறைவு என்பது தடை அல்ல. அவள் தானே புகார் கொடுக்கிறாள், தன் போனைத் தானே காட்டுகிறாள். மிரட்டியவனின் நம்பர், பணம் போன கணக்கு இவற்றைக் கேட்டு வாங்க 94-வது பிரிவே போதும். குறை எங்கே என்றால் ஆள் பற்றாக்குறை, பயிற்சி, வெளிநாட்டுக் கம்பெனியிடம் பதில் வாங்கும் தாமதம். இதற்குத் தீர்வு எல்லார் போனையும் திறப்பது இல்லை.

வாட்ஸ்அப் பற்றியும் கேட்டார்கள். 2016 முதல் அதில் அனுப்பும் செய்தி பூட்டிய பெட்டி மாதிரி போகிறது, நடுவில் கம்பெனியே படிக்க முடியாது. அவதூறுச் செய்தியை முதலில் அனுப்பியவர் யார் என்று கண்டுபிடிக்க வேண்டும் என்ற வாதம் 2019-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் சூடாக நடந்தது. 2021-ல் மத்திய அரசு அதை விதியாகவே போட்டது, வாட்ஸ்அப் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நடுவில் படிக்க முடியாததால்தான் இப்போது ஸ்டேஷனில் போனையே கையில் வாங்குகிறார்கள். போன் கைக்குப் போனால் பெட்டியின் சாவியும் போனது.

போன் கேட்டு வந்தால்

வாக்குவாதம் செய்யாதீர்கள், போனை உடைக்கவோ எதையும் அழிக்கவோ செய்யாதீர்கள். அது தனிக் குற்றமாகிவிடும். எந்த வழக்கு, குற்ற எண் என்ன, எழுத்து உத்தரவு எங்கே என்று பணிவாகக் கேளுங்கள். போனை எடுத்தால் மாடல், ஐ.எம்.இ.ஐ. எண் எழுதிய பறிமுதல் பட்டியலின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அந்த எண்ணை இன்றைக்கே *#06# அடித்துப் பார்த்து குழு நோட்டில் குறித்து வையுங்கள். பேட்டர்ன் கேட்டால், "வக்கீலைக் கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லலாம். சாட்சியாக விசாரிக்க ஒரு பெண்ணை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லக் கூடாது, அவர் இருக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும் என்று 179-வது பிரிவு இருக்கிறது. எடுத்த போனைத் திரும்பக் கேட்டு மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம்.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வக்கீல் தர வேண்டும். உதவி எண் 15100. ஆன்லைன் மோசடிக்கு 1930, பணம் போனவுடனே கூப்பிட்டால்தான் பயன்.

முதல் அக்கா, நடந்ததைத் தேதி வாரியாக எழுதி, மாவட்ட காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறார். குழுவில் ஆறு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். தங்கச்சியிடமும் சொல்லிவிட்டார். அவள் அழுதாளாம், பிறகு அந்தப் போட்டோக்களை எடுத்துக்கொண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தில் புகார் கொடுக்கப் பாதுகாப்பு அலுவலரைப் பார்க்கப் போயிருக்கிறாள்.

வரும் கூட்டமைப்புக் கூட்டத்துக்கு ஆணைக்குழுவிலிருந்து ஒரு பெண் வக்கீல் வருகிறார். வெளியே சொல்லத் தயங்குகிற கேள்வி இருந்தால் பேர் போடாமல் சீட்டில் எழுதி ஊக்குநரிடம் கொடுத்தனுப்புங்கள்.